உயிரணுக்களின் வாயில்கள்: அயனி ஆராய்ச்சியும் நோய் தீர்க்கும் மருந்துகளும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மேற்கு மலைத் தொடரின் மீது அமைந்துள்ளது பீர்மேடு. தேயிலையும் ஏலமும் மிளகும் விளையும் இம்மலைப் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையில் நான்கு நிகழ்ச்சிகளைக் காணலாம். மிளகு ரசத்தைப் பருகியவுடன் நாக்கில் சூடு ஏறுவது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. செடிகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலாளிக்கு முகத்தில் எரிச்சலும் ஊரல் போன்ற உணர்ச்சியும் தோன்றுகின்றன. மலையடிவாரத்திலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்ற குழந்தையைச் செந்தேள் கொட்டினால், உடல் வியர்த்துக் கைகால்கள் சில்லிட்டுப் போகின்றன. அறுபட்ட விரலுக்குத் தையல் போடுமுன் வைத்தியர் மரப்பு ஊசி போட்டவுடன் வலி மறைந்து விடுகின்றது.

இந்நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆனால் இவை அனைத்தும் நிகழும் இடம் ஒன்றே. உயிரணுக்களின் சவ்வில் அமைந்துள்ள நுண்ணிய புரத வாயில்களே அவ்விடமாகும். அயனி வாயில்கள் என வழங்கும் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி, உடலியல் விஞ்ஞானத்தின் ஒரு தனிப் பிரிவாக வளர்ந்துள்ளது. பல நோய்களின் காரணத்தை அது விளக்கியிருப்பதோடு, புதிய மருந்துகளைக் காண்பதற்கும் வழி காட்டியுள்ளது.

வாயிலின் இயல்பு

சாதாரண உப்பு நீரில் கரையும்போது ஸோடியம், குளோரைடு என்னும் இருவகைத் துகள்களாகப் பிரிகின்றது. முன்னது நேர் மின்னேற்றமும், பின்னது எதிர் மின்னேற்றமும் உடையது. மின்னேற்றம் பெற்ற இத்தகைய துகள்களே அயனிகள் எனப்படும். உடலிலுள்ள திரவங்களில் ஸோடியம், பொட்டாசியம், கால்ஷியம், குளோரைடு ஆகிய அயனிகள் முக்கியமானவை. உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் மிகுதி; வெளியே ஸோடியம் மிகுதி. கால்ஷியமோ உள்ளே மிகமிகக் குறைவு.

உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்புப் பொருளால் ஆகியது. எண்ணெயில் உப்பு கரையாதது போலவே, அயனிகளும் இச்சவ்வை ஊடுருவிச் செல்ல இயலாது. ஆகவே அவை உள்ளே வரவும் வெளியே போகவும் தனி வழிகள் தேவைப்படுகின்றன. சவ்வின் குறுக்கே பொருந்தியுள்ள புரத மூலக்கூறுகள் அவ்வழிகளாக அமைகின்றன. ஒவ்வொரு புரதத்தின் நடுவிலும் மிக நுண்ணிய துளை ஒன்று உண்டு. அத்துளை எப்போதும் திறந்திருப்பதில்லை. சில வாயில்கள் மின்னழுத்தம் மாறும்போது திறக்கின்றன. சில, குறிப்பிட்ட இரசாயனப் பொருள் வந்து ஒட்டும்போது திறக்கின்றன. வேறு சில, வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ திறக்கின்றன. வாயில் திறந்தவுடன் ஒரு விநாடிக்குள் கோடிக்கணக்கான அயனிகள் பாய்ந்து செல்ல முடியும்.

மலைத் தோட்டங்களில் நீரைத் தேக்கி மதகின் வழியே பாய்ச்சுவதை யாவரும் கண்டிருப்பர். தேங்கிய நீரின் உயரமே பாய்ச்சலுக்கு வேண்டிய ஆற்றலைத் தருகின்றது. மதகு திறந்தால் நீர் தானாகவே பாயும். அதுபோல், அயனிகளின் அளவு உள்ளும் புறமும் வேறுபட்டிருப்பதே இங்குத் தேங்கிய நீராகும். நரம்பு ஓய்ந்திருக்கும்போது சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லி வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொண்டிருக்கும். ஸோடியம் வாயில்கள் திறந்தவுடன் ஸோடியம் உட்புகுந்து அந்நிலையைத் தலைகீழாக்குகின்றது. உடனே அவை மூடிக்கொள்ள, பொட்டாசியம் வாயில்கள் திறந்து பழைய நிலையை மீட்கின்றன. இந்த மாறுதல் நரம்பின் நெடுகிலும் அலைபோல் பரவுவதே நரம்புத் துடிப்பு ஆகும். உணர்ச்சி, சிந்தனை, தசையின் அசைவு, இதயத்தின் துடிப்பு ஆகிய யாவும் இவ்வாயில்கள் உரிய காலத்தில் திறந்து மூடுவதைப் பொறுத்தே நடைபெறுகின்றன.

கண்டறிந்த வரலாறு

இவ்வுண்மைகள் ஒரே நாளில் வெளிப்பட்டவை அல்ல. கடலில் வாழும் ஊசிக் கணவாய்க்கு மிகப் பருமனான நரம்பு இழை ஒன்று உண்டு. மனித நரம்பிழைகளைவிட அது நூறு மடங்குக்கு மேற்பட்ட பருமன் கொண்டது. ஆகையால் அதனுள்ளே மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி மின்னோட்டத்தை அளக்க முடிந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவரும் இவ்விழையில் நடத்திய சோதனைகளின் முடிவுகளை 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஸோடியமும் பொட்டாசியமும் தனித்தனி வழிகளில் செல்கின்றன என்பதைக் கணித வாய்பாடுகளின் மூலம் அவர்கள் நிறுவினர். இதற்காக 1963ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

எனினும் தனி வாயில் ஒன்றை எவரும் நேரில் அறிந்ததில்லை. 1976ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் நேயர், பெர்ட் ஸாக்மன் ஆகியோர் அதற்கும் வழி கண்டனர். நுனி மிகக் கூர்மையான கண்ணாடிக் குழாயை உயிரணுவின் சவ்வின்மீது அழுத்தி வைத்து, அந்நுனிக்குள் அடங்கும் சிறு பகுதியில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் அவர்கள் அளந்தனர். ஓர் ஆம்பியரின் இலட்சங்கோடியில் சில பங்கே கொண்ட அம்மின்னோட்டம், படிப்படியாக ஏறாமல் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கியது. வாயில் ஒன்று திறப்பதும் மூடுவதும் முதன்முதலாகக் கருவியில் பதிவாயின. இவ்விருவருக்கும் 1991ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

பின்னர் 1998ஆம் ஆண்டில், அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மக்கின்னன் பொட்டாசியம் வாயில் ஒன்றின் வடிவத்தை எக்ஸ் கதிர்களின் உதவியால் வெளிப்படுத்தினார். ஸோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆயினும் பொட்டாசியம் வாயில் வழியே அது செல்வதில்லை. இப்புதிருக்கு விடை கிடைத்தது. அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் போர்த்துக்கொண்டே திரவத்தில் உலவுகின்றன. வாயிலுக்குள் நுழைய அப்போர்வையைக் களைதல் வேண்டும். வாயிலின் உட்சுவரிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள், பொட்டாசியத்துக்கு நீர்ப்போர்வை போலவே சரியாகப் பொருந்தும் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. சிறிய ஸோடியத்துக்கு அவ்விடைவெளி பொருந்துவதில்லை. ஆதலின் அது போர்வையைக் களையாது வெளியிலேயே நின்றுவிடுகின்றது. மக்கின்னன் 2003ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

மிளகு கற்பித்த பாடம்

மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருளை 1819ஆம் ஆண்டிலேயே டென்மார்க் நாட்டு விஞ்ஞானி எர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகின்றது என்பதை அடுத்த ஆண்டில் கண்டறிந்தவரும் இவரே. ஆனால் காரம் எவ்வாறு உணரப்படுகின்றது என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், மிளகாயின் காரப் பொருளால் திறக்கும் அயனி வாயில் ஒன்றைக் கண்டறிந்தனர். அதே வாயில் சுமார் 43 டிகிரி வெப்பத்திலும் திறக்கின்றது. உடலுக்குத் தீங்கு தரத் தொடங்கும் வெப்பநிலை அதுவேயாம். காரம் தின்றவர் ‘வாய் எரிகின்றது’ என்று கூறுவது வெறும் உவமையன்று. சூட்டை அறிவிக்கும் அதே வாயில் திறப்பதால், மூளைக்குச் சூடு என்ற செய்தியே செல்கின்றது. மிளகின் பைப்பரினும் இவ்வாயிலைத் திறக்க வல்லது என்பது பின்னர் அறியப்பட்டது. புதினாச் சத்தான மென்தால் குளிர்ச்சியை உணர்த்தும் வேறொரு வாயிலைத் திறக்கின்றது. அது 2002ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் வாயில்களை ஆர்டெம் பட்டபூட்டியன் 2010ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஜூலியஸுக்கும் அவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வலியை உணர்த்தும் வாயிலை அடைத்துவிட்டால் வலி தீரும் அன்றோ? இவ்வெண்ணத்துடன் பல மருந்துகள் தயாரிக்கப்பட்டன. ஆனால் அவற்றை உட்கொண்டவர் சிலருக்கு உடலின் வெப்பநிலை காய்ச்சல் போல் உயர்ந்தது. இவ்வாயில் வலியை அறிவிப்பதோடு உடல் வெப்பத்தைச் சீராக்கும் பணியிலும் பங்கு கொள்கின்றது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அதற்கு மாறாக, மிளகாய்ச் சத்தைச் செறிவாகக் கொண்ட ஒட்டுத்துணி ஒன்று, அம்மை அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலிக்குப் பயன்படுமெனக் கண்டு, 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வாயிலை அடைப்பதற்குப் பதில் அளவுக்கு மீறித் திறந்துவிடுவதால், நரம்பின் நுனிகள் சில வாரங்கள் செயலற்று ஓய்கின்றன.

பூச்சி மருந்துகளும் வாயில்களும்

தோட்டங்களில் அடிக்கப்படும் மருந்துகளுட் பல, பூச்சியின் அயனி வாயில்களையே தாக்குகின்றன. டி.டி.டி.யும், பைரித்ராய்டு என்னும் வகையைச் சேர்ந்த மருந்துகளும் ஸோடியம் வாயிலை மூடவொட்டாமல் தடுக்கின்றன. நரம்பு ஓய்வின்றித் துடிக்க, பூச்சி நடுக்கமுற்று மடிகின்றது. எண்டோசல்பான் வேறு வழியில் வேலை செய்கின்றது. நரம்பை அமைதிப்படுத்தும் குளோரைடு வாயில்களை அது அடைத்துவிடுகின்றது. தடை நீங்கிய வண்டி சரிவில் ஓடுவதுபோல் நரம்பு மண்டலம் கட்டுக்கடங்காமற் போய், வலிப்பு உண்டாகின்றது.

மனிதனின் வாயில்களும் பூச்சியின் வாயில்களும் அடிப்படையில் ஒரே அமைப்புடையவை. பைரித்ராய்டு மருந்துகள் பூச்சிகளைப்போல் மனிதரை எளிதில் கொல்லாமைக்குக் காரணங்கள் உண்டு. மனிதனின் ஸோடியம் வாயில் அவற்றுக்கு அவ்வளவாக இடங்கொடுப்பதில்லை. உடலும் அவற்றை விரைவில் சிதைத்துவிடுகின்றது. ஆயினும் தோலில் பட்ட இடத்தில் நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால், முன்னர்க் கூறிய முக எரிச்சல் ஏற்படுகின்றது. எண்டோசல்பான் விஷயத்தில் இந்தப் பாதுகாப்பும் குறைவு. காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் வானூர்தியிலிருந்து பல ஆண்டுகள் அது தெளிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து அங்குள்ள மக்கள் உற்ற துன்பம் நாடறிந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதி மன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நாடெங்கும் தடை செய்தது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அது பலிக்காமற் போவதன் காரணமும் இவ்வாயில்களில்தான் உள்ளது. ஸோடியம் வாயிலின் அமைப்பில் சிறு மாறுதல் கொண்ட பூச்சிகள் மருந்துக்குத் தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றன. டி.டி.டி.க்கு இவ்வாறு பழகிய பூச்சி பைரித்ராய்டுக்கும் தப்புவதுண்டு. இரண்டும் தாக்கும் இடம் ஒன்றாகலின். பழ ஈக்களில் இதே ஸோடியம் வாயிலை உருவாக்கும் ஜீனில் மாறுதல் ஏற்பட்டால், அவ்வீக்கள் வெப்பம் ஏறியவுடன் செயலற்று விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து பறக்கின்றன. இத்தகைய ஈக்களின் நரம்புக் குறைபாடுகளைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஒபைத் சித்திக்கி, அமெரிக்க அறிஞர் ஸீமோர் பென்ஸருடன் சேர்ந்து ஆராய்ந்து 1976ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

செந்தேளின் விஷம்

இந்தியச் செந்தேளுக்கு விஞ்ஞானப் பெயரில் ‘தமுலஸ்’ என்னும் சொல் உண்டு. 1798ஆம் ஆண்டில் பெப்ரீசியஸ் என்னும் ஐரோப்பிய அறிஞர் தமிழ் நாட்டை நினைவூட்டும் இப்பெயரை அதற்கு இட்டார். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் முதலிய பகுதிகளில் காணப்படும் இத்தேள் உருவத்தில் சிறியது, விஷத்திலோ கொடியது. குழந்தைகளே இதற்குப் பெரிதும் பலியாகின்றனர்.

இதன் விஷத்தில் பல சிறு புரதங்கள் கலந்துள்ளன. அவற்றுட் சில நரம்புகளின் ஸோடியம் வாயில்களை மூடவொட்டாமல் தடுக்கின்றன. சில பொட்டாசியம் வாயில்களை அடைக்கின்றன. இரண்டின் பயனும் ஒன்றே. நரம்புகள் ஓயாது துடித்து, அட்ரினலின் போன்ற பொருள்களை இரத்தத்தில் வெள்ளமெனக் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகின்றது. இதயம் களைத்துச் சோர்கின்றது. இறுதியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகின்றது.

மகாராஷ்டிர மாநிலத்தில் மஹாட் என்னும் ஊரைச் சார்ந்த பகுதியில் கிராம மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், தேள் கொட்டிய நோயாளிகளின் படுக்கையருகிலேயே அமர்ந்து அவர்கள் நிலையை மணிக்கு மணி குறித்து வந்தார். இரத்தக் குழாய்கள் இறுகுவதே கேட்டின் மூலம் என்று உணர்ந்த அவர், இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்பட்டு வந்த பிரஸோஸின் என்னும் மலிவான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். இம்மருந்து அயனி வாயிலைத் தொடுவதில்லை. வாயில்கள் திறந்தமையால் பெருகிய வெள்ளம் இரத்தக் குழாய்களைத் தாக்காமல் தடுக்கின்றது. இதன் பயனை அவர் 1986ஆம் ஆண்டில் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார். முன்னர்க் கடும் விஷமேறியவருள் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறந்த நிலை மாறி, மரணம் மிக அரிதாயிற்று. பின்னர் 70 நோயாளிகளிடம் அவர் நடத்திய சோதனை 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விஷமுறிவு மருந்தையும் பிரஸோஸினையும் சேர்த்துப் பெற்றவர்கள், பிரஸோஸின் மட்டும் பெற்றவர்களைவிட விரைவில் குணமடைந்தனர் என அது காட்டியது. 2022ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கொல்லும் விஷம் ஆராய்ச்சிக்குக் கருவியாகவும் உதவுகின்றது. 1990ஆம் ஆண்டில் இத்தேளின் விஷத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஐபீரியோடாக்ஸின் என்னும் சிறு புரதம், ஒரு குறிப்பிட்ட வகைப் பொட்டாசியம் வாயிலை மட்டுமே அடைக்கின்றது. ஆகவே அவ்வாயில் எந்த உறுப்பில் என்ன பணி செய்கின்றது என்பதைச் சோதிக்க, உலகெங்கும் உள்ள ஆராய்ச்சிச் சாலைகளில் இது வழங்குகின்றது. தைவான் நாட்டுக் கட்டுவிரியனின் விஷமும் இவ்வாறே, நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி செல்லும் வாயிலைப் பிரித்தெடுக்க உதவியது. கூம்பு நத்தை ஒன்றின் விஷத்தைப் பின்பற்றிச் செயற்கையாகத் தயாரித்த ஸிகோனோடைடு என்னும் மருந்து, கால்ஷியம் வாயிலை அடைத்துக் கடும் வலியைத் தணிக்கின்றது. அது 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஊசிக்குப் பதில் மாத்திரை

வாயிலின் அமைப்பில் பிறவியிலேயே குறை இருந்தால் அதுவே நோயாகின்றது. இதற்குத் தெளிவான சான்று, பிறந்த ஆறு மாதத்துக்குள் தோன்றும் ஒருவகை நீரிழிவு ஆகும்.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களில் பொட்டாசியம் வாயில் ஒன்று உண்டு. உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது, அவ்வணுக்கள் சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறுகின்றன. அவ்வாற்றலைத் தாங்கிய மூலக்கூறு இவ்வாயிலை மூடுகின்றது. அது மூடியவுடன் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்ஷியம் வாயில் திறந்து, இன்சுலின் வெளிப்படுகின்றது. ஜீனில் உள்ள குறையால் பொட்டாசியம் வாயில் மூடாமலே இருந்துவிட்டால், இன்சுலின் அணுவுக்குள் இருந்தும் வெளியே வர வழியில்லை. குழந்தைக்கு இன்சுலின் ஊசி வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் என்றே மருத்துவர் கருதி வந்தனர்.

இங்கிலாந்தின் எக்ஸெடர் நகரத்து ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டில் இந்த ஜீன் குறையைக் கண்டறிந்தனர். நீரிழிவு நோயாளர்க்கு நெடுங்காலமாக வழங்கி வரும் கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் இதே வாயிலை வேறொரு பக்கத்திலிருந்து மூடுபவை. எனவே அவற்றைக் கொடுத்துப் பார்த்தனர். 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 49 நோயாளிகளுள் 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றிலும் நிறுத்திவிட முடிந்தது.

தமிழ் நாட்டிலும் இதன் பயன் எட்டியுள்ளது. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தில் இந்த ஜீன்களைச் சோதித்து வந்துள்ளது. குறை இவ்வகையினது என உறுதிப்பட்ட குழந்தைகள் பலரை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்ற முடிந்திருக்கின்றது. நாள்தோறும் பலமுறை ஊசி ஏற்க வேண்டிய குழந்தைக்கும், இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்துக் காக்க வசதியற்ற ஏழைக் குடும்பத்துக்கும் இம்மாற்றம் எத்துணைப் பெரிது என்பதைக் கூற வேண்டுவதில்லை. இரத்தச் சோதனை ஒன்று செய்யப்படாமற் போனால், மாத்திரையால் வாழக் கூடிய குழந்தை ஊசியோடே வளர நேரும்.

புதிய மருந்தைத் தேடும் முறை

பண்டு மருந்துகள் தற்செயலாகவே கிடைத்தன. 1943ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் தயாரிக்கப்பட்ட லிக்னோகெயினே இன்றும் மரப்பு ஊசியாகப் பெரிதும் பயன்படுகின்றது. அது ஸோடியம் வாயிலை உட்புறமிருந்து அடைக்கின்றது என்பது, மருந்து புழக்கத்துக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிப்பின் மாத்திரை, கால்ஷியம் வாயிலை அடைத்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றது.

இன்று வாயிலின் வடிவத்தை முதலில் அறிந்து, அதற்குப் பொருந்தும் மூலக்கூறை ஆக்க முயல்கின்றனர். வலியே அறியாத சிலரைப் பாகிஸ்தானத்துக் குடும்பங்கள் சிலவற்றில் கண்டு, அவர்களிடம் ஒருவகை ஸோடியம் வாயில் செயற்படவில்லை என்பதை 2006ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். வலி நரம்பில் மட்டும் உள்ள ஸோடியம் வாயில்களை அடைக்கும் மருந்துக்கான தேடல் அதிலிருந்து வலுப்பெற்றது. அவ்வாயிலை நோக்கிச் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் அதற்கு நெருங்கிய மற்றொரு வாயிலை அடைக்கும் ஸுஸெட்ரிஜின் என்னும் மருந்து, 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அபினி வகை மருந்துகளைப்போல் இது மூளையில் வேலை செய்வதில்லை.

வாயிலைத் தவறி அடைக்கும் மருந்தால் கேடும் விளையும். இதயத் துடிப்பை ஒவ்வொரு முறையும் அடக்கி ஓயச் செய்யும் பொட்டாசியம் வாயில் ஒன்று உண்டு. ஒவ்வாமைக்குத் தரப்பட்ட டெர்பெனடின், வயிற்றுக் கோளாறுக்குத் தரப்பட்ட ஸிஸாப்ரைடு ஆகியவை இவ்வாயிலையும் அடைத்து, சிலருக்கு இதயத் துடிப்பை ஆபத்தான முறையில் குலைத்தன. ஆகவே டெர்பெனடின் 1998ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. ஸிஸாப்ரைடு இந்தியாவில் 2011ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. இப்போது எந்தப் புது மருந்தாயினும் மனிதருக்குக் கொடுக்குமுன் இவ்வாயிலின்மீது சோதிக்கப்படுகின்றது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கருத வேண்டியவை

இவ்வாராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. களப்பணியாளர் மூன்று செய்திகளை மக்களிடம் கொண்டு செல்லலாம்.

முதலாவதாக, தேள் கொட்டிய குழந்தைக்கு அதிக வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் அது வெறும் வலியன்று. இதயம் தாக்குண்டதன் அடையாளமாகும். கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிப்பதற்காகக் காலம் கழிப்பதும் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்தின் அளவை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மருந்து அடிப்போர் கையுறையும் முகக் கவசமும் அணிதலும், காற்றுக்கு எதிர்த்திசையில் நின்று அடிக்காதிருத்தலும், வேலை முடிந்தவுடன் சோப்பு நீரால் உடலைக் கழுவுதலும் அவசியம். வண்டிப்பெரியாற்றிலுள்ள தேயிலை ஆராய்ச்சி மையம், மயிலாடும்பாறையிலுள்ள ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் பரிந்துரைக்கு மேல் மருந்தைக் கூட்டுவதும், ஒரே வகை மருந்தையே விடாது அடிப்பதும் பூச்சியை வலுப்படுத்துமேயன்றி அழிக்கா.

மூன்றாவதாக, பிறந்த ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்கு நீரிழிவு கண்டால், ஜீன் சோதனை செய்யலாமா என மருத்துவரிடம் கேட்கும்படி பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும். இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவது உயிருக்கு ஆபத்து என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் எளிய சோதனை ஒன்றை வகுப்பில் செய்து காட்டலாம். மாணவன் ஒருவன் ஒரு மிளகைக் கடித்துச் சுவைத்தபின் வெதுவெதுப்பான நீரைப் பருகட்டும். மற்றொருவன் புதினா மிட்டாயைச் சுவைத்தபின் குளிர்ந்த நீரைப் பருகட்டும். முன்னவனுக்கு நீர் மேலும் சூடாகவும், பின்னவனுக்கு மேலும் குளிர்ச்சியாகவும் தோன்றும். வெப்பமானியை இட்டுப் பார்த்தாலோ நீரின் வெப்பநிலை சிறிதும் மாறியிராது. மாறியது நீரன்று, நாவிலுள்ள வாயில்களே என்பதை மாணவர் தாமே உணர்வர். தம் வீட்டுக் கொடியில் காய்க்கும் மிளகிலிருந்தே ஒரு பெரிய விஞ்ஞான உண்மையை அறிய முடியும் என்பதை உணரும் மாணவன், தேள் கொட்டிய தம்பியை எங்கே கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் மறவான்.